தலைமடைக்கு முதல் நிறம்

ஜக்கார்டு அட்டைக்கு நிறம் தெரியாது. எந்தப் பாவு இழையைத் தூக்குவது, எதைக் கீழே விடுவது என்பதோடு அதன் வேலை முடிந்தது. திருபுவனத்தில் ஒரே அட்டைக்கட்டை மாட்டி இந்தப் பாவில் அரக்கு, அடுத்த பாவில் மயில்கழுத்து என்று இறக்குவார்கள். மாங்காய் புட்டா இம்மி நகராது. நூல் மாறியதால் சேலை வேறு சேலையாகிவிடும்.

1990களில் நம் மேசை மேல் இருந்த கணினியின் வண்ணத் திரைகளும் இந்த வகைதான். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஒரே ஒரு பைட். அதில் இருந்தது நிறம் இல்லை, ஓர் எண்: 0 முதல் 255 வரை. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைச் சொல்ல வீடியோ கார்டில் தனியாக ஓர் அட்டவணை இருந்தது. 256 வரிசை, வரிசைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவு. அளவுக்கு ஒரு பைட் என்று வைத்துக்கொண்டால் மொத்தமே 768 பைட். இதைத்தான் பேலட் என்றும் வண்ணத்தட்டு என்றும் சொன்னார்கள். தட்டு சின்னது, ஆனால் நிறத்தைத் தேர்ந்தெடுத்த களஞ்சியம் பெரியது. ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த விஜிஏ 2,62,144 நிறங்களிலிருந்து 256ஐ எடுத்துக்கொள்ளச் சொன்னது.

தறியோடு ஒப்பிடுவது ஓர் இடத்தில் உதைக்கும். நெய்து இறக்கிய சேலையின் நிறம் பிறகு மாறாது. திரையில் நெய்து முடித்தது என்று எதுவும் கிடையாது. நொடிக்கு 60 முறை முதல் வரியிலிருந்து மறுபடி நெய்கிறார்கள். 1024க்கு 768 புள்ளித் திரை என்றால் நொடிக்கு 4 கோடியே 70 லட்சம் தடவைக்கு மேல் அந்த அட்டவணையைப் புரட்ட வேண்டும். அதனால் 40ஆம் வரிசையில் இருந்த அரக்கை யாராவது பச்சையாக மாற்றினால், திரையில் எங்கெங்கே 40 இருக்கிறதோ அங்கெல்லாம் அந்தக் கணமே பச்சை. அது யாருடைய சாளரத்தில் இருக்கிறது என்று அட்டவணை கேட்காது.

ஏன் இந்தச் சிக்கனம்? நினைவகம் விலை. மேலே சொன்ன திரைக்குப் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 7,86,432 பைட் போதும்; 1 எம்பி கார்டில் அடங்கிவிடும். புள்ளிக்கு நேரடியாக மூன்று அளவையும் எழுதிவைத்தால் 23,59,296 பைட். அன்றைக்கு அந்தக் கார்டை வாங்கும் காசில் வேறு எதையாவது உருப்படியாக வாங்கலாம்.

திரை முழுக்க ஒரே புரோகிராமின் கையில் இருந்தவரை இதில் வம்பே இல்லை. சொல்லப்போனால் வித்தை காட்ட வசதி. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஷூப் 1973இல் உருவாக்கிய சூப்பர்பெயின்டிலேயே, படத்தைத் தொடாமல் தட்டை மட்டும் சுழற்றி அசைவு காட்ட முடிந்தது. டாஸ் விளையாட்டுகளில் அருவி கொட்டியதும் தீ எரிந்ததும் பலசமயம் இப்படித்தான். நான்கைந்து நீல வரிசைகளை மாற்றி மாற்றிப் போட்டால் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும். ஒரு புள்ளிகூட நகர்ந்திருக்காது.

சாளரங்கள் வந்ததும்தான் பங்காளிச் சண்டை.

1997இல் கும்பகோணத்தில் ஒரு டிடிபி சென்டரில் இருந்தேன். கும்பாபிஷேக நோட்டீசுக்காக மாரியம்மன் படத்தை ஸ்கேன் செய்து திறந்து வைத்திருந்தேன். பக்கத்துச் சாளரத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு வந்த மாப்பிள்ளை போட்டோ. அதைத் திறந்தது வேறொரு படம்பார்க்கும் புரோகிராம், பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து போட்டது. முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"என்ன தம்பி, அம்மன் முகம் பச்சையா ஆயிட்டு?"

"ஸ்கேன் சரியாத்தான் இருக்குண்ணே. அந்த விண்டோவை கிளிக் பண்ணா சரியாயிடும்."

"பண்ணு, பாப்போம்."

கிளிக் செய்தேன். அம்மனுக்கு மஞ்சள் பூசிய முகம் திரும்பிவிட்டது. மாப்பிள்ளை கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டார்.

வைரஸ் என்று முடிவுகட்டி ஓர் ஆளைக் கூப்பிட்டு 300 ரூபாய் கொடுத்து ஃபார்மட் அடித்தார்கள். மறுநாளும் அம்மன் பச்சைதான்.

அது வைரஸும் இல்லை, ஸ்கேனர் கோளாறும் இல்லை. அம்மனுக்கு 236 நிறம் வேண்டும், மாப்பிள்ளைக்கு வேறு 236 வேண்டும், தட்டில் இருப்பது 256. இந்தப் பங்கீட்டை யார் செய்வது, எந்த முறையில் செய்வது என்பதற்கு அந்தக் காலத்துச் சாளர முறைமைகள் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தன. டெல்டாக்காரனுக்கு அந்தப் பதில்கள் எல்லாமே எங்கேயோ கேட்ட பஞ்சாயத்து மாதிரி இருக்கும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று தண்ணீர் பிரிவதில் ஆரம்பித்து, வாய்க்கால் தலைப்பில் இருப்பவன் வயல் நிரம்பி வழிய கடைமடையில் நாற்றங்கால் காய்வது வரை நாம் பார்க்காத பங்கீடா?

யூனிக்ஸ் இயந்திரங்களில் ஓடிய எக்ஸ் 11 முறைமை 1987இல் எம்ஐடியிலிருந்து வந்தது. அதை எழுதியவர்களுக்கு ஒரு கொள்கை உண்டு: கருவிகளைக் கொடுப்போம், அதை வைத்து எப்படி நடந்துகொள்வது என்று நாம் உத்தரவு போட மாட்டோம். நிறத்திலும் அப்படித்தான். ஒரு புரோகிராம் இரண்டு விதமாகக் கேட்கலாம். ஒன்று, "எனக்கு இந்தச் சிவப்பு வேண்டும், எந்த எண்ணில் கிடைத்தாலும் சரி." அந்தச் சிவப்பு ஏற்கெனவே பொதுத்தட்டில் இருந்தால் அதன் எண்ணையே கொடுத்துவிடுவார்கள். பத்து புரோகிராம்கள் கறுப்பு கேட்டாலும் செலவு ஒரே வரிசைதான். யாரும் அதை மாற்ற முடியாது என்பதால் நம்பிப் பகிரலாம். இன்னொன்று, "எனக்கு 40 வரிசையைப் பட்டா போட்டுக் கொடு, நான் இஷ்டத்துக்கு நிறம் மாற்றிக்கொள்வேன்." அதை வேறு யாரும் தொட முடியாது.

முதல் வழி நல்ல வழி. எல்லாரும் அதில் போனால், கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், 256 நிறத்தில் ஒரு மேசை நிறைய சாளரம் திறக்கலாம். ஆனால் தட்டு நிரம்பிவிட்டால்? முதலில் வந்தவனுக்கே. பின்னால் வந்தவனுக்கு "நிறம் ஒதுக்க முடியவில்லை" என்று ஒரு வரி எச்சரிக்கை. பிடித்ததை விட்டுக்கொடுக்கச் சொல்ல யாரும் கிடையாது; அந்தப் புரோகிராம் தானாக விட வேண்டும், அல்லது மூடப்பட வேண்டும்.

திருச்சிப் பக்கம் நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தில் இதை நாள்தோறும் பார்த்தோம். காலையில் போனதும் வலைப்பக்கம் பார்க்கும் நெட்ஸ்கேப் உலாவியைத் திறப்போம். அது ஆறு அளவு சிவப்பு, ஆறு அளவு பச்சை, ஆறு அளவு நீலம் என்று 216 நிறங்களைப் பிடித்துவைக்கப் பார்க்கும். அதன்பின் திறக்கிற வரைபடப் புரோகிராமில் கோடு எல்லாம் கறுப்பு. சீனியர்கள் சொல்லிக்கொடுத்த மந்திரம், முதலில் படம்பார்க்கும் புரோகிராமைத் திற, நெட்ஸ்கேப்பை அப்புறம் திற என்பது. வாய்க்காலில் யார் முதலில் மடையைத் திறப்பது என்ற அதே கணக்கு.

இதற்கு மாற்றாக நெட்ஸ்கேப்பை இன்ஸ்டால் என்ற சொல்லைச் சேர்த்துத் தொடங்கலாம். அப்போது அது பொதுத்தட்டைத் தொடாமல் தனக்கென ஒரு முழுத் தட்டை வைத்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கார்டுக்குள் இருக்கும் உண்மையான அட்டவணை பெரும்பாலும் ஒன்றே ஒன்று. எந்தச் சாளரத்தில் மவுஸ் இருக்கிறதோ அதன் தட்டைச் சாளர மேலாளர் அங்கே ஏற்றிவிடுவார். அந்தச் சாளரம் சரியாகத் தெரியும், மற்ற எல்லாமே தப்பு அட்டவணையில் தெரியும். மவுஸ் ஓரத்தைத் தாண்டும்போதெல்லாம் திரை முழுக்க மத்தாப்பு கொளுத்தின மாதிரி ஒரு பளீர். இரண்டு மணி நேரம் அப்படி வேலை பார்த்தால் தலைவலி உறுதி.

கைதேர்ந்தவர்கள் இதையும் கொஞ்சம் அடக்கினார்கள். தனித்தட்டு வைக்கும்போது பொதுத்தட்டின் முதல் சில வரிசைகளை அப்படியே நகலெடுத்துவிட்டால், சாளரங்களின் விளிம்பும் எழுத்தும் பின்னணியும் மாறாமல் நிற்கும். பளீர் பாதியாகக் குறையும். இதைவிட அழகான தீர்வு எக்ஸிலேயே இருந்தது. பொதுவான ஒரு நிறக்கட்டத்தை அமைத்து, இன்ன சிவப்பு, இன்ன பச்சை, இன்ன நீலம் என்றால் எண் இன்னது என்ற சூத்திரத்தை மேசைப் பின்னணியில் எழுதி ஒட்டிவிடுவது. எல்லாப் புரோகிராம்களும் அதைப் படித்து அதற்குள்ளேயே நடந்துகொண்டால் சண்டைக்கே இடமில்லை. பெரும்பாலான புரோகிராம்கள் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. முறைக்கு முதலில் கட்டுப்படுகிறவன் படம் சுமாராகத் தெரியும், கட்டுப்படாத பக்கத்து வீட்டுக்காரன் படம் பளிச்சென்று தெரியும். அப்புறம் யார் முறைக்கு வருவார்கள்?

மைக்ரோசாஃப்ட் வேறு மாதிரி யோசித்தது. 1990இல் வந்த விண்டோஸ் 3.0இல் வண்ணத்தட்டுக்கென்றே ஒரு மேலாளர் இருந்தார். அவர் முதலில் செய்தது 20 நிறங்களைத் தனியே எடுத்துப் பூட்டியது: தட்டின் தலையில் 10, வாலில் 10. பொத்தான், மெனு, தலைப்புப் பட்டை எல்லாம் இந்த இருபதில்தான் வரையப்படும். மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு குறைந்தாலும் குடிதண்ணீருக்கு என்று ஒதுக்குகிறோமே, அந்த மாதிரி. மீதி 236தான் பாசனத்துக்கு.

அந்த 236க்கு விதி: இப்போது எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறதோ அதற்கே முதலுரிமை. அந்தச் சாளரத்தின் புரோகிராம் தனக்கு வேண்டிய நிறப் பட்டியலைக் கொடுக்கும். மேலாளர் அதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வார். அதே நிறம் தட்டில் ஏற்கெனவே இருந்தால் அதனோடு சேர்த்துவிடுவார். இல்லையென்றால் காலி வரிசை ஒன்றில் எழுதுவார். காலியும் இல்லையென்றால் இருப்பதில் கிட்டத்தில் உள்ள நிறத்தைக் கைகாட்டுவார். முன்னால் இருப்பவர் முடித்த பிறகு பின்னால் உள்ள சாளரங்களுக்கும் இதே மூன்று படிதான், ஆனால் மிச்சத்தில். பட்டியலின் வரிசையும் முக்கியம்: முதலில் எழுதிய நிறத்துக்கு முதலில் இடம். அதனால் விவரமான நிரலாளர்கள் முகத்தின் நிறங்களை மேலே வைத்து, பின்னணித் திரைச்சீலையின் நிழல்களைக் கீழே தள்ளினார்கள்.

தலைமடை, கடைமடை என்ற சொற்கள் இங்கே அப்படியே பொருந்தும். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே மவுஸால் ஒரு தட்டு தட்டினால் தலைமடை இடம் மாறிவிடும். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயிக்கு இப்படி ஒரு மவுஸ் கிடைத்தால் என்ன விலையும் கொடுப்பார்.

இந்த ஏற்பாடு முழுக்கக் கடிதப் போக்குவரத்தில் ஓடியது. ஒரு சாளரம் முன்னுக்கு வரப்போகிறதென்றால் விண்டோஸ் அதற்கு ஒரு செய்தி அனுப்பும்: உன் முறை வந்துவிட்டது, தட்டை நிரப்பிக்கொள். நிரப்பியதும் மற்ற எல்லாச் சாளரங்களுக்கும் இன்னொரு செய்தி போகும்: தட்டு மாறிவிட்டது, நீங்களும் உங்கள் நிறங்களை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது செய்தி மாற்றத்தைச் செய்தவருக்கே திரும்பியும் வரும். "இதை அனுப்ப வைத்ததே நான்தானே" என்று பார்த்து ஒதுக்கத் தெரியாத புரோகிராம் மறுபடி தட்டை நிரப்பும், மறுபடி செய்தி போகும், மறுபடி நிரப்பும். திரை நடுங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு வரிச் சோதனையை மறந்த நிரலாளர்கள் அன்று நிறைய பேர்.

அதைவிடப் பரவலான குற்றம் இரண்டாவது செய்தியைக் கண்டுகொள்ளாமல் விடுவது. செய்தியைப் படித்த பின்னணிப் புரோகிராம், கிட்டத்து நிறங்களை வைத்துத் தன் படத்தை மறுபடி வரையும். அம்மன் கொஞ்சம் மங்கலாவாள், அவ்வளவுதான். படிக்காத புரோகிராமின் புள்ளிகளில் பழைய எண்களே கிடக்கும், அட்டவணை மட்டும் மாறியிருக்கும். எங்கள் கடையில் நடந்தது இதுதான். அந்த இரண்டு புரோகிராம்காரர்களும் எழுதாமல் விட்ட பத்து வரிக்கு எங்கள் முதலாளி 300 ரூபாய் கட்டினார்.

சோம்பேறிகளுக்கு விண்டோஸ் ஒரு குறுக்குவழியும் கொடுத்தது. படத்தை மறுபடி வரைய வேண்டாம். திரையில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, புதுத்தட்டில் அதற்குக் கிட்டத்து நிறத்தை மாற்றிப் போடு. வேகமான வழிதான். ஆனால் அடுத்த தடவை மாற்றும்போது அசல் படம் கணக்கில் வராது, ஏற்கெனவே மாற்றியதுதான் வரும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதை. நாலைந்து முறை கிளிக் செய்தால் முகத்தில் திட்டுத்திட்டாகச் சேறு பூசினாற்போல ஆகிவிடும்.

இரண்டு ஏற்பாட்டில் எது சரி என்று கேட்டால், என் ஓட்டு விண்டோஸுக்கு. எக்ஸின் பகிர்வு கொள்கையளவில் நேர்த்தியானது, பிறர் நல்லவர்களாக இருப்பார்கள் என்று நம்புகிறது. விண்டோஸ் அப்படி நம்பவில்லை; பார்க்கிறவன் கண் எங்கே இருக்கிறதோ அங்கே நிறத்தைக் கொடு, மற்றவர்கள் சமாளிக்கட்டும் என்றது. மனிதன் ஒரு நேரத்தில் ஒரு சாளரத்தைத்தான் பார்க்கிறான் என்பது அதில் ஒளிந்திருக்கும் சூட்சுமம். மாப்பிள்ளையையும் அம்மனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எங்களுக்குத்தான் அது பொருந்தவில்லை.

ஆப்பிள் மாக்கின்டாஷின் வண்ணத்தட்டு மேலாளரிடம் ஒரு நயம் உண்டு. நிறம் கேட்கும்போதே எவ்வளவு பிடிவாதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரியாதை நிறம் என்றால் இருப்பதில் கிட்டத்தில் உள்ளதை வாங்கிக்கொள்ளும், எதையும் மாற்றச் சொல்லாது. பொறுமை நிறம் என்றால் இவ்வளவு தூரம் வரை வித்தியாசம் பொறுக்கும், அதற்கு மேல் போனால் தட்டை மாற்றச் சொல்லும். அசைவு நிறம் தனக்கென்று வரிசை கேட்கும். பந்தியில் இப்படிப்பட்ட ஆட்கள் மூன்று பேரையும் பார்த்திருக்கிறோம்.

வலைப்பக்கங்கள் பரவியபோது நெட்ஸ்கேப் பிடித்துவைத்த அந்த 216 நிறங்களே ஊர் வழக்காகிவிட்டன. எண் எங்கிருந்து வந்தது என்பது எளிய கணக்கு. விண்டோஸ் 20ஐப் பூட்டிய பிறகு மிச்சம் 236. மூன்று நிறத்துக்கும் சம அளவு படி வேண்டுமென்றால், ஏழு படி வைத்தால் 343, அடங்காது. ஆறு படி வைத்தால் 216, அடங்கும். படிகள் 0, 51, 102, 153, 204, 255. அந்த நாளில் வலைப்பக்கம் செய்தவர்களுக்கு 51ஆம் வாய்ப்பாடு தூக்கத்திலும் வரும். இந்த 216க்குள் தோல் நிறத்துக்கு நல்ல படி எதுவும் கிடையாது என்பதால், போட்டோக்களைப் புள்ளி கலந்து ஏமாற்ற வேண்டியிருந்தது. ஒரு புள்ளியில் விழுந்த பிழையை 16 பங்காக்கி, 7, 3, 5, 1 என்று அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஃபிளாய்ட்–ஸ்டைன்பெர்க் முறை 1976லேயே வந்துவிட்டது.

இந்தச் சண்டையை யாரும் தீர்த்துவைக்கவில்லை. நினைவகம் மலிந்தது, அவ்வளவுதான். 640க்கு 480 திரைக்குப் புள்ளிக்கு மூன்று பைட் கொடுத்தாலும் 9,21,600; அது 1 எம்பி கார்டுக்குள்ளேயே அடங்கும். 4 எம்பி கார்டுகள் சாதாரணமானதும் 1024க்கு 768க்கும் அதே வசதி வந்துவிட்டது. புள்ளியிலேயே நிறம் இருக்கும்போது தட்டு எதற்கு, பங்கீடு எதற்கு? மேட்டூரின் 93.47 டிஎம்சிக்கு அப்படி ஒரு நாள் வராது என்பது வேறு விஷயம்.

பேய் மட்டும் கொஞ்ச காலம் நடமாடியது. 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2 விளையாட்டு 256 நிறத் தட்டை நம்பி எழுதப்பட்டது. பத்து வருஷம் கழித்து விண்டோஸ் 7இல் அதைப் போட்டவர்களுக்குப் புல்லும் தண்ணீரும் தாறுமாறான நிறத்தில் வந்தன, ஏனென்றால் பின்னால் மேசைத்திரையைக் காட்டிக்கொண்டிருந்த விண்டோஸ் எக்ஸ்புளோரர் நடுவில் தட்டைத் தன் நிறங்களால் மிதித்துவிடும். பையன்கள் கண்டுபிடித்த வைத்தியம், எக்ஸ்புளோரரை மூடிவிட்டு விளையாடுவது. இருபதாண்டுக்கு முந்தைய தலைமடைச் சண்டை என்று அவர்களுக்குத் தெரியாது.

போன மாதம் திருபுவனத்தில் சேலை டிசைன் போடும் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய கோப்புகள் இன்றும் எண் வைத்த நிறத்தில்தான் இருக்கின்றன, ஏனென்றால் தறிக்கு வேண்டியது எண்தான்: 1 பாவு, 2 சரிகை, 3 மீனா ஊடை. கடைக்காரருக்குக் காட்ட ஒரே முந்தியை இரண்டு சாளரத்தில் திறந்து, ஒன்றின் தட்டில் மட்டும் 3ஆம் வரிசையை மாற்றினார். ஒரு சாளரத்தில் மாங்காய் அரக்கு, மற்றதில் கிளிப்பச்சை. நான் பழக்கதோஷத்தில் பக்கத்துச் சாளரத்தைத்தான் பார்த்தேன். அது அசையவே இல்லை. ஒவ்வொரு படமும் தன் தட்டில் தானே நிறத்தைப் பார்த்து முடித்து, புள்ளிக்கு மூன்று பைட்டாகத்தான் திரைக்கு வந்துசேர்கிறது.

"என்னண்ணே அப்படிப் பாக்கறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல தம்பி. இன்னொரு தடவை மாத்துங்க."